ஒரே பீடம், இரு கூடம்: தமிழ்நாட்டுக் கிறித்தவத்தில் சாதியின் வரலாறு

மூணாற்றுத் தேயிலை மலைகளுக்கும் நம் கொட்டகுடிப் பள்ளத்தாக்குக்கும் உள்ள தொடர்பு பழமையானது. டாப் ஸ்டேஷன் உச்சியிலிருந்து கம்பிவடத்தின் வழியே தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. பெட்டிகள் கம்பியில் இறங்கின. ஆட்கள் காலால் ஏறினர். கங்காணியின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ஏறியவர்களுள் நம்மவர் மிகப் பலர். தேயிலைக்கும் ஏலத்துக்குமாகச் சென்ற அவர்களுள் சிலர், ஆண்டுகள் பல கழித்துத் திரும்பியபோது, அந்தோணி என்றும் யாக்கோபு என்றும் புதுப்பெயரோடு வந்தனர். பெயர் மாறிற்று, வந்து குடியேறிய தெரு மாறவில்லை.

இன்றும் நம் சங்கத்து உறுப்பினர்களுள் மாரியம்மன் கோயிலுக்குச் செல்வோரும் உளர். ஞாயிறுதோறும் தேவாலயம் செல்வோரும் உளர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள்ளேயே இவ்விரு சாராரும் உண்டு. எனவே இவ்வரலாற்றை அயலார் வீட்டுக் கதையாக நாம் எழுதவில்லை. மாலை வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டார்: "கிறித்தவத்தில் சாதி இல்லை என்று பிரசங்கத்தில் சொல்லுகிறார்கள், அரசாங்க ஆணையும் அப்படியே சொல்லுகிறது. பிறகு கல்லறைத் தோட்டத்தில் மட்டும் எப்படி ஐயா இருக்கிறது?" ஒரு வரியில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று இது. நானூறு ஆண்டுகளின் செய்தி இதில் அடங்கியுள்ளது.

முதலில் நன்றிக்கு உரியதைச் சொல்லிவிடுதல் முறை. நம் பாட்டன்மாருக்கு எழுத்தறிவித்த பள்ளிகளுள் பெரும்பகுதி மிஷன் பள்ளிகளே. செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்கள் பறையர்களின் நிலவுரிமைக்காகக் குரல் கொடுத்தனர். அம்மாவட்டக் கலெக்டர் டிரமென்கீர் 1891-இல் அவர்கள் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் ஆணை பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என வழங்குவது அந்த ஆணையால் வந்ததே. மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் மல்லப்பள்ளி என்னும் ஊரில் அடிமைகளுக்கென்று பள்ளி வைத்து, 1854-இல் தெய்வத்தான் என்னும் புலையருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்களும் மிஷனரிமாரே. அங்கு அடிமை முறையை அரசு ஒழித்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். இவற்றை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. ஆனால் நன்றியுணர்வைக் காட்டியே வாயை அடைத்துவிடும் பழக்கமும் நம்மிடையே உண்டு. "உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தானே" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! எழுத்தைக் கற்றவன் முதலில் படிப்பது தன் நிலையைத்தான் என்பதைக் கற்பித்தவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்தது 1606-இல். அவர் காவி உடுத்து, மரக்கறி உண்டு, தம்மை உயர்குலத்துத் துறவியாகக் காட்டிக்கொண்டார். தத்துவ போதகர் என்று பெயர் பூண்டார். தமிழும் வடமொழியும் கற்று நூல்கள் பல எழுதினார். அவர் புலமையில் நமக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அவர் வகுத்த வழியின் விலையை நாம் கொடுத்தோம். சாதி என்பது சமூக வழக்கம். சமயத்தோடு அதற்குத் தொடர்பில்லை. ஆகவே மதம் மாறுவோர் அதனை விட வேண்டியதில்லை என்பது அவர் வாதம். போப் பதினைந்தாம் கிரகோரி 1623-இல் விடுத்த ஆணை, பூணூலும் குடுமியும் சந்தனமும் தரிக்கப் புதுக் கிறித்தவர்களுக்கு இசைவளித்தது. உயர்சாதியாருக்கு ஒரு கோயில், பிறருக்கு வேறு கோயில் என்றாயிற்று. தாழ்ந்தோரிடம் பழகினால் உயர்ந்தோர் விலகுவர் என்ற அச்சத்தால், 1640 முதல் பண்டாரசாமிகள் என்னும் வேறொரு வகைக் குருக்கள் ஏற்பட்டனர். பல்தசார் தா கோஸ்டா அவர்களுள் முதல்வர். ஆக, மக்களுக்குள் இருந்த பிரிவு குருக்களுக்குள்ளும் நுழைந்தது.

இதனை எதிர்த்து ரோமாபுரியிலிருந்தே குரல் எழுந்ததும் உண்டு. தூர்னோன் என்னும் போப்பின் தூதர் 1704-இல் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்றுக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் சென்று திருவருட்சாதனம் வழங்கப் பாதிரிமார் மறுக்கலாகாது என்பதும் அதில் ஒன்று. சாகக் கிடப்பவன் குடிசைக்குள் நுழையும்படி ஒரு குருவுக்கு ஆணையிட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பின் 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை விடுத்தபோது கண்ட தீர்வோ வேடிக்கையானது. பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை நியமித்துக்கொள்வது என்பதே அது! நோயாளிக்குக் குரு கிடைத்தார். தீண்டாமைக்குச் சலுகையும் கிடைத்தது.

"இது கத்தோலிக்கர் கதை, சீர்திருத்தச் சபைகள் அப்படியல்ல" என்பார் உளர். தரங்கம்பாடிக்கு வருவோம். சீகன்பால்கு 1706-இல் அங்கு வந்திறங்கினார். அவர் 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் சூத்திரக் கிறித்தவர்க்கும் பறைக் கிறித்தவர்க்கும் இடம் தனித்தனியே. அந்த மிஷனில் ராஜநாயக்கன் என்பவர் இருந்தார். பெயரைக் கண்டு மயங்க வேண்டா, அவர் பறையர், தஞ்சையில் படைவீரர். தரங்கம்பாடியில் அச்சிட்ட வேதாகமத்தைத் தாமே வாசித்து, அந்தச் சபையைத் தேடிச் சேர்ந்தவர். தஞ்சைப் பகுதியில் பல்லாண்டுகள் உபதேசியாராய் உழைத்தார். ஆனால் 1733-இல் முதல் இந்திய லுத்தரன் குருவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேளாளரான ஆரோன். அடுத்து 1741-இல் தியோகு. ராஜநாயக்கனின் பெயரும் ஆராயப்பட்டது. ஒரு பறையர் கையிலிருந்து மற்றவர்கள் இராப்போசனம் வாங்க மாட்டார்கள் என்ற தயக்கமே அவருக்குத் தடையாயிற்று. கடைசி வரை அவர் உபதேசியாராகவே இருந்து மறைந்தார். அவர் போதித்துச் சேர்த்த ஆட்களுக்கு இராப்போசனம் கொடுக்க வேறொருவர் வர வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாதியை விட்டுக் கொடுத்தவர்கள் அனைவரும் மனமுவந்து கொடுத்தவர் அல்லர். எதிர்த்தவர் அனைவரும் சளைத்தவரும் அல்லர். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார். சாதி வேறுபாட்டை உடனே, உறுதியாக, முற்றிலும் கைவிட வேண்டும் என்பது அதன் கருத்து. சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் உயர்சாதிக் கிறித்தவர்கள் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினர். தஞ்சையின் புகழ் பெற்ற கிறித்தவப் புலவர் வேதநாயக சாஸ்திரியார் அதற்கு முன்பே, 1829-இல், சாதியைத் திருத்த வந்த பாதிரிமாரைக் கண்டித்து எழுதியிருந்தார். இன்றும் ஆலயங்களில் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றியவர் அவர்! தமிழ்ப் பாட்டில் மனமுருகி நின்றவர், ஒரே பாத்திரத்தில் பருகுவதற்கு மட்டும் மனம் இசையவில்லை. ஆங்கிலச் சபையோடு பிணங்கியவர்களுக்கு, சாதி விஷயத்தில் கண்டிப்புக் காட்டாத லைப்சிக் மிஷன் பின்னர்ப் புகலிடமாயிற்று. ஒரு சபை கண்டித்தால் மற்றொரு சபை கதவைத் திறந்தது. கண்டித்த சபையும் உறுப்பினர் எண்ணிக்கை குறைவது கண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டது. ஆணைகள் பல பிறந்தும் வழக்கம் மாறாமைக்கு இப்போட்டி ஒரு முக்கியக் காரணம் என்பது நம் துணிபு.

நம் மதுரைச் சீமையில் 1834 முதல் பணியாற்றியது அமெரிக்க மிஷன். கோடைக்கானலில் 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் அவர்கள். பெரியகுளத்திலும் அவர்களுக்கு நிலையம் இருந்தது. இவர்களைப் பற்றிப் பெருமையாகவே சொல்லலாம். சாதியை விட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாரோடும் ஒரே பந்தியில் உண்டு காட்ட வேண்டும் என்று 1847-இல் விதித்தனர். உண்ண மறுத்த உபதேசிமார் பலர் வேலையிழந்தனர். சம்பளம் வாங்குவோரே பந்தியில் அமர மறுத்தனர் என்றால் மற்றவர் நிலை சொல்ல வேண்டுமா? இருந்தும் மிஷன் பின்வாங்கவில்லை. இச்செய்தியை நம் இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். "அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது, என்ன செய்வது" என்று கூறுவோர்க்கு இதுவே விடை. அதே காலத்தில், அதே மதுரைச் சீமையில், வேறு விதமாகவும் நடக்க முடிந்தது.

இப்போது வடக்கன்குளத்துக்குச் செல்வோம். நெல்லைச் சீமையில் பணகுடிக்குத் தெற்கே உள்ள ஊர். இங்கே 1745-இல் ஞானஸ்நானம் பெற்றவர்தாம் தேவசகாயம். திருவிதாங்கூர் அரசின் ஊழியர்; உயர்குடியினர்; மதம் மாறியபின் எல்லாச் சாதியாரோடும் வேறுபாடின்றிப் பழகினார். ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் 1752-இல் கொல்லப்பட்டார். அப்படிப்பட்டவர் கிறித்தவரான ஊரில் நூறாண்டுக்குப் பின் நிகழ்ந்ததைக் கேளுங்கள். வேளாளக் கிறித்தவர்க்கும் நாடார் கிறித்தவர்க்கும் ஆலயத்தில் யார் எங்கே அமர்வது என்று பூசல் முற்றிற்று. 1872-இல் புதிய ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள் கால்களைப் போல விரிந்து சென்றன. ஒரு கூடத்தில் ஒரு சாதி. மறு கூடத்தில் மறு சாதி. இடையே சுவர். இக்கூடத்தார் அக்கூடத்தாரைப் பாராமலே இருவரும் பீடத்தைப் பார்க்கலாம். கால்சட்டை போன்ற வடிவில் கட்டப்பட்ட கோயில் என்று ஊரார் கேலி பேசினர். கொத்தனார் கையில் கரண்டியைக் கொடுத்து இறையியலுக்கு விளக்கம் எழுதச் சொன்னது போன்றது அக்கட்டடம்.

1910-இல் பாதிரிமார் அத்தடுப்பை அகற்றினர். வேளாளக் கிறித்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். தனி இடமும் தனி முதன்மையும் தங்கள் உரிமை என்று வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில் அவர்கள் தோற்றனர். கிறித்தவராகிவிட்டபின் சாதியின் பேரால் ஆலயத்தில் தனியுரிமை கேட்க இயலாது என்றாயிற்று. இதில் நாம் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. வடக்கன்குளத்து வழக்கில் மோதிக்கொண்ட இரு தரப்பாருள் எவரும் நம்மவர் அல்லர். இரண்டு கூடங்கள் யாருக்கு என்பதே அங்கு வழக்கு. நம்மவர் எங்கே நின்றனர் என்று எவரும் வழக்குத் தொடுக்கவில்லை.

தேவசகாயம் 2022 மே 15-இல் ரோமாபுரியில் புனிதராக உயர்த்தப்பட்டார். அதுவரை அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் சாதிப் பட்டத்தை, வந்த முறையீடுகளுக்கிணங்கத் திருச்சபை நீக்கிவிட்டே பட்டியலில் சேர்த்தது. நல்ல செயல். இறந்து 270 ஆண்டுகளுக்குப் பின் ஒருவருக்குச் சாதியிலிருந்து விடுதலை கிடைத்தது.

மலைக்கு அப்பாலும் பார்வையைச் செலுத்துவோம். திருவிதாங்கூரில் 1879-இல் பிறந்த பொய்கயில் யோகன்னான் பறையர். மார்த்தோமா சபையில் சேர்ந்து பிரசங்கியாரானார். சபையின் கல்லறையில் புதைக்கப்பட்ட நம்மவர் ஒருவரின் உடலைத் தோண்டி எடுத்து அகற்றினர் என்பதும், அதனால் மனம் கொதித்து அவர் அச்சபையை விட்டு வெளியேறினார் என்பதும் அவர் வரலாறு கூறும் செய்தி. பிற சபைகளும் அவருக்கு ஆறுதல் தரவில்லை. பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபை என்னும் தனி இயக்கத்தைக் கண்டார். வேதபுத்தகத்தின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தாலும் தம் இனத்தாரைப் பற்றி ஓர் எழுத்துக்கூட அங்கில்லை என்பது அவர் வருத்தம். ஸ்ரீமூலம் பிரஜா சபையில் 1921-இலும் 1931-இலும் உறுப்பினராக இருந்து நம் மக்களுக்காகப் பேசினார். இங்கே சென்னையிலும் கோலார் தங்கவயலிலும் பண்டிதர் அயோத்திதாசர் பௌத்தத்தை நாடியபோது, தம் 'தமிழன்' இதழில் சாதிக் கிறித்தவரைச் சாடியதும் ஏறத்தாழ அக்காலமே.

நூல்களை விட்டு நாம் கண்டதையும் ஒரு வரியில் கூறலாம். நாம் இளம் ஆசிரியராக வேலை பார்த்த ஊர் ஒன்றில், நம்மவர் சவ ஊர்வலம் ஆலயத் தெரு வழியே செல்லாது. கண்மாய்க் கரையைச் சுற்றியே செல்லும். காரணம் கேட்டோம். "கரைவழி நிழலாக இருக்கும் சார்" என்றார் கோயில் பெரியவர் ஒருவர். அவர் பொய் சொன்னதாக நாம் கருதவில்லை. அவ்வளவு காலமாகச் சொல்லிச் சொல்லி அவரே அதனை நம்பிவிட்டார். கண்மாய்க் கரையில் மரங்களே இல்லை.

இப்போது நம் மாணவர் கேள்வியின் மறுபாதிக்கு, அதாவது அரசாங்க ஆணைக்கு வருவோம். இதுவே நம் வயிற்றைத் தொடும் பகுதி.

பட்டியல் சாதியார் யார் என்று 1936-இல் வெள்ளையர் அரசு ஆணை வெளியிட்டபோதே, இந்தியக் கிறித்தவர் எவரும் அதில் அடங்கார் என்று எழுதிவிட்டது. கிறித்தவ அரசு எழுதிய விதி அது! விடுதலைக்குப் பின் 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயம் அல்லாத வேறு சமயத்தைப் பின்பற்றுவோர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அத்தடை நீங்கியது. கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் நீங்கவில்லை. கிறித்தவத்தில் சாதி இல்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். யார் சொன்னது? பாதிரிமார்தாம் சொன்னார்கள்; மேடைதோறும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் ஊர் நம்பவில்லை, அரசாங்கம் நம்பிவிட்டது. ஆகவே உரிமையை இழப்பதற்கு நம்மவர் சமமானவர். கல்லறையில் கிடப்பதற்கு மட்டும் சமமற்றவர்.

சூசை என்பவரின் வழக்கை நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடர், கிறித்தவர். சாலையோரத் தொழிலாளர்க்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. வெயில் ஒன்று, ஊசி ஒன்று, செருப்பு ஒன்று. சமயம் மட்டும் வேறு. உச்சநீதிமன்றம் வரை சென்றார். 1985 செப்டம்பர் 30-இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடரலாம் என்பதை நீதிபதிகள் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் புதிய சமயச் சூழலிலும் அதே கொடுமை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குச் சான்று வேண்டும் என்றனர். அத்தகைய சான்று தம்முன் வைக்கப்படவில்லை என்று மனுவைத் தள்ளினர்.

சான்று இல்லை என்ற அச்சொல்லில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1982-இல், திருச்சியில் கூடிய இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள், சாதிப் பாகுபாட்டுக்குக் கிறித்தவத்தில் இடமில்லை, அது கிறித்தவத்தையே மறுப்பதாகும் என்று அறிக்கை விடுத்திருந்தனர். இல்லாத ஒன்றையா கண்டித்தார்கள்? தமிழக ஆயர்கள் 1990-இல் பத்து அம்சத் திட்டம் அறிவித்தனர். போப் இரண்டாம் ஜான் பால், தம்மைக் காண வந்த தமிழக ஆயர்களிடம் 2003-இல் சாதி வேற்றுமையை வெளிப்படையாகக் கண்டித்தார். 2016-இல் ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அறிக்கைகளுக்குக் குறைவே இல்லை.

அவ்வறிக்கைகளின் நடுவே ஊர்களில் நடந்தது வேறு. விருதுநகர் மாவட்டச் சிற்றூரில் பிறந்து கன்னியாஸ்திரீயாகி, மடத்துக்குள்ளும் சாதியைக் கண்டு 1992-இல் வெளியேறிய பாமா, அவ்வாண்டே 'கருக்கு' என்னும் தம் வரலாற்றை வெளியிட்டார். அதனைப் படித்த பின்னரே பலருக்கு நாக்கு எழுந்தது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் வன்னியக் கிறித்தவரும் தலித் கிறித்தவரும் ஒரே பங்கில் இருந்தனர். பொதுத் தெரு வழியே சவம் கொண்டு செல்லும் உரிமையும் பொதுக் கல்லறையும் கேட்டுச் சலித்த நம்மவர், இறுதியில் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டனர். 2008 மார்ச் 9-இல் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இருவர் இறந்தனர். அந்த இரு குடும்பங்களின் கண்ணீரும் கண்ணீரே. தனிப் பங்கு கேட்டது பிரிவினை என்று அன்று நம்மவரைக் குறை கூறியோர் உண்டு. சுவரைக் கட்டியவன் ஒற்றுமைக்காரன். சுவருக்கு வெளியே நின்று சலித்தவன் பிரிவினைக்காரன் என்பது என்ன நியாயமோ! திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களைப் பிரித்து நின்ற சுவரை 2010-இல் இடிக்க முற்பட்டவர்கள் பெரியாரின் தொண்டர்கள். பெரும்பாலும் கடவுள் நம்பிக்கையற்றோர். நம்பிக்கையாளர் எவருக்கும் அதுவரை கடப்பாரை கைக்கு எட்டவில்லை. அதே திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்து நம்மவர், பங்கு நிர்வாகத்திலும் திருவிழாவிலும் தங்களை ஒதுக்குவதாகக் கூறித் தொடுத்த வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் எதிர்த்தரப்பாருக்கு அறிவிப்பு அனுப்பியது.

மாற்றமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022 ஆகஸ்டில் கர்தினாலானார். நம் இனத்திலிருந்து அந்நிலைக்கு உயர்ந்த முதல்வர் அவரே. ராஜநாயக்கன் குருவாகாமல் இறந்த நாட்டில் அது சிறிய செய்தியன்று. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 1950-ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது 2007-இல். பாலகிருஷ்ணன் ஆணையம் இதனை ஆராய 2022-இல் அமைக்கப்பட்டது. நம் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19-இல் தீர்மானம் நிறைவேற்றி மத்திய அரசை வலியுறுத்தியது. ஆயினும் 2025-இல் ஆந்திர உயர்நீதிமன்றம், சாதி சொல்லி இழிவு செய்ததாக ஒரு போதகர் கொடுத்த வழக்கை, அவர் கிறித்தவர் ஆதலின் வன்கொடுமைச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று தள்ளியது. ஏசியவன் வாயில் இருந்த சாதி, நீதிமன்ற வாயிலில் மறைந்துவிட்டது.

தலைமையாசிரியர் என்ற முறையில் இதன் விளைவை நாம் சேர்க்கைப் பதிவேட்டில் காண்கிறோம். அண்ணன் மகன் இந்து ஆதிதிராவிடர். தம்பி மகன் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர், ஆகவே பிற்படுத்தப்பட்டோர். இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவரே உள்ளது. படிப்புதவித் தொகையைத் தமிழக அரசு மதம் மாறியோருக்கும் தந்து வருவது நல்லதே. வேலையிலும் தனித் தொகுதியிலும் அந்த உரிமை இல்லை. அதனால் சில பெற்றோர் ஆலயத்தில் ஒரு பெயரும் பள்ளியில் ஒரு பெயரும் வைக்கின்றனர். வகுப்பில் மாரியப்பன் என்று கூப்பிட்டால் எழும் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை அந்தோணி. இதனை ஏமாற்று என்று ஏசுவோர் இருக்கின்றனர். பிள்ளைக்கு இரண்டு பெயர் வைக்க நேர்ந்த தகப்பனைவிட, அந்நிலையை உண்டாக்கியவர்களையே நாம் முதலில் கேட்போம்.

பிறரைக் கேட்கும் முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். நம்முள்ளும் பறையர், பள்ளர், அருந்ததியர் என்ற படிகள் உள்ளன. நம்மவர் கட்டிய ஆலயத்திலேயே அருந்ததியர் பின்வரிசையில் அமரும் ஊர்கள் இல்லை என்று யாரேனும் துணிந்து சொல்வார்களா? வடக்கன்குளத்துச் சுவரைப் பற்றிப் பேசும் வாய் இதனையும் பேச வேண்டும்.

சான்று இல்லை என்று 1985-இல் சொல்லப்பட்ட சொல்லுக்கு விடை சேர்க்கும் பணியை நம் சங்கம் இவ்வெள்ளி விழா ஆண்டில் தொடங்கியுள்ளது. நூலகத்தில் நீல அட்டையிட்ட பெரிய நோட்டு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. கொட்டகுடி, குரங்கணி, போடி வட்டாரத்து ஊர்களிலும், மலைமேல் எஸ்டேட்டுகளிலும் ஆலயங்களில் நம்மவர்க்கு எங்கே இடம், சவம் எவ்வழி செல்கிறது, கல்லறை யாருடன், பாடற்குழுவிலும் பங்குப் பேரவையிலும் எத்தனை பேர், நன்மை எந்த வரிசையில் என்று கேட்டு எழுத வேண்டும். நல்லது நடந்திருந்தால் அதனையும் அதே மையில் எழுதுக. ஊர்ப்பெயர், ஆண்டு, மாதம், சொன்னவர் வயது ஆகியவை விடுபடலாகாது. கேள்விப்பட்டதைக் கண்டதாக எழுதலாகாது. முதல் நாற்பது பக்கம் நிரம்பிவிட்டது. எழுத வருவோர் மாலை ஆறு மணிக்கு மேல் நூலகப் பொறுப்பாளரிடம் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.